கர்தோஷ் வீட்டுத் தீச்சுவர்

திரையின் வலது மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எகிறிக் குதித்து, 'உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பற்ற நிலையில் உள்ளது' என்று அறிவித்தது. கர்தோஷ் வெண்டெல் பதறிப்போய் முதலில் செய்த காரியம், எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டதுதான்.

"யாராவது வந்தாங்களா?" என்றாள் அவர் மனைவி அரங்கா, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"இன்னும் வரல. வரப் போறாங்களாம்."

"யாரு?"

"அத மட்டும் சொல்ல மாட்டேங்குது."

"அப்ப பாதுகாப்பா ஏதாவது வாங்கிப் போடேன். அடுத்த மாசம் உன் பேர்நாள். அன்னிக்குப் பார்த்து இது படுத்துக்கிச்சுன்னா?"

வெண்டெல் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவருடைய பிறந்தநாளை மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். காலண்டரில் அவர் பெயர் அச்சடித்திருக்கும் பேர்நாளை மறந்தால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். அதிலும் இந்த வருஷம் விசேஷம். டென்மார்க்கில் இருக்கும் பேத்தி போரோகா, தாத்தாவின் பேர்நாளன்று வீடியோவில் பாடுவதற்காக எங்கள் ஹங்கேரிய மொழியில் ஒரு வாழ்த்துப் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து டேனிஷ் மொழியில் மட்டுமே வாயாடிக்கொண்டிருந்த குழந்தை அது. அதுவரை அவள் தாத்தாவிடம் ஹங்கேரிய மொழியில் பேசிய ஒரே வார்த்தை 'கேக்'.

அந்தப் பாட்டைக் கேட்காமல் போனால் தான் ஓய்வு பெற்றதற்கே அர்த்தமில்லை என்று வெண்டெல் நினைத்தார்.

அவர் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மனித குலம் அவரைப் பொறுத்தவரை இரண்டே வகைதான். டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. பாக்கெட்டைத் தடவிக்கொண்டே அடுத்த நிறுத்தத்தை எட்டிப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. ஆகவே கண்ட ஆட்களும் டிக்கெட் இல்லாமல் தன் கம்ப்யூட்டருக்குள் ஏறுகிறார்கள் என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கே இலவச ஆன்டிவைரஸ் ஒன்றை இறக்கிப் போட்டார். பெட்டி பச்சையாகிச் சிரித்தது. கீழ்வீட்டு காஸ்மேரிடம் படிக்கட்டில் நின்று பெருமையடித்துக்கொண்டார். அங்கேதான் வினை ஆரம்பமானது.

"இலவசமாவா?" என்றார் காஸ்மேர், வாயிலிருந்த பல்குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி. "யோவ் வெண்டெல், சும்மா காவல் காக்கறேன்னு ஒருத்தன் வந்து நின்னா உன் வீட்டுச் சாவியக் குடுப்பியா? என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஜெர்மன் சரக்கு. அதையும் போடு."

அதையும் போட்டார். முதலாவது ஆன்டிவைரஸ் இரண்டாவதைப் பிடித்து, 'சந்தேகத்துக்குரிய நபர்' என்றது. இரண்டாவது எழுந்து முதலாவதைப் பிடித்து, 'ஆபத்தான கிருமி' என்றது. இரண்டு பரிசோதகர்கள் ஒருவரிடம் ஒருவர் டிக்கெட் கேட்டுக்கொண்டு நின்றால் டிராம் எங்கே நகரும்? கம்ப்யூட்டர் மூச்சிரைத்தது. வெண்டெல் 'எலி' என்று சொல்லும் சுட்டியை நகர்த்தினால், திரையில் அம்பு அரங்கா ஒரு உருளைக்கிழங்கு உரித்து முடிக்கும் நேரத்தில் பின்னால் வந்தது.

"கடைக்கே போய் ஒரு தடவ கேட்டுடுவோம்," என்றாள் அரங்கா. "நானும் வரேன்."

அவள் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறேன் என்றது வெண்டெலுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு, வாரத்துக்கொருமுறை அதன்மேல் ஈரத்துணி போடுவதோடு சரி. ஆனால் துணைக்கு ஆள் வருவது நல்லதுதானே என்று கோட்டை மாட்டிக்கொண்டார்.

சுற்றுச்சாலைக் கடையில் ஊதாநிறத் தலைமுடியோடு ஒரு பெண் இருந்தாள். கதையைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா வைக்கவே கூடாது மாமா. ரெண்டையும் எடுத்துடுங்க. கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுவீங்க?"

"பேத்தியோட பேசுவோம். மழை வருமான்னு பார்ப்போம். யாரு செத்துப்போனாங்கன்னு பார்ப்போம்."

"அதுக்கு கம்ப்யூட்டரோட கூட வந்த பாதுகாப்பே தாராளம். அப்டேட் கேட்டா 'நாளைக்கு, நாளைக்கு'ன்னு தள்ளாதீங்க. முன்னபின்ன தெரியாதவன் அனுப்பற மெயிலத் திறக்காதீங்க. அவ்வளவுதான், காசே செலவில்ல."

வெண்டெலுக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. திரும்பி வாசலை நோக்கி நடந்தார். அரங்கா நகரவில்லை.

"தீச்சுவர்னு ஒண்ணு சொல்றாங்களேம்மா?" என்றாள்.

"அதுவும் உள்ளயே இருக்கு அத்தை."

"தனியா ஒண்ணு கிடைக்காதா? நல்லா கெட்டியா?"

"இருக்கு. ஆனா உங்களுக்கு அது தேவையே..."

"குடும்மா. மனசுக்கு ஒரு தைரியம்."

இந்த இடத்தில் தீச்சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பெஷ்ட் பகுதியில் பழைய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒன்று தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவாமலிருக்க, ஒட்டும் பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு மொட்டைச் சுவரை எழுப்பியிருப்பார்கள். அதற்குப் பெயர் தீச்சுவர். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதற்குள்ளும் ஒரு காவல் வந்தது, அதற்குப் பெயர் வைக்க நேரமில்லாத யாரோ அதையும் தீச்சுவர் என்றே சொல்லிவிட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே தெருவில் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான்.

கர்தோஷ் வீட்டுச் சமையலறை அந்த அசல் தீச்சுவரை ஒட்டித்தான் இருந்தது. பக்கத்து வீட்டை எப்போதோ இடித்து, அந்த இடத்தில் நகராட்சி மரம் வைத்து ஊஞ்சல் போட்டு ஒரு பூங்காவாக்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வெயிலும் குழந்தைகளும். இந்தப் பக்கம் அரங்கா, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். இருக்கும் ஒரே ஜன்னல் காற்றுக்குழிக்குள் திறக்கும். அதன் வழியே வருவதெல்லாம் புறாச் சத்தமும் காஸ்மேர் வீட்டு மீன் வாசனையும்தான். இன்டர்நெட் கம்பி சமையலறையோடு நின்றுவிட்டதால் கம்ப்யூட்டரும் அங்கேயே அந்தச் சுவரோரம்தான் குடியிருந்தது.

முன்னொரு காலத்தில் அரங்கா, கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் கூடும் வீட்டுக் கூட்டத்தில் எழுந்து, தீச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். முடியாது என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. அதில் ஒரு கை வெண்டெலுடையது. "சட்டம்னா சட்டம்தானே அரங்கா, உனக்குன்னு தனியா ஒரு சட்டமா?" என்று அன்று மாடியேறும்போது விளக்கமும் சொன்னார். அதற்குப் பிறகு அரங்கா அந்த ஜன்னலைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்லவேளை மறந்துவிட்டாள் என்று வெண்டெலும் மறந்துவிட்டார்.

புதுத் தீச்சுவர் வெண்டெலின் உள்ளம் கவர்ந்தது. யார் உள்ளே வந்தாலும், யார் வெளியே போனாலும், அது அவரிடம் வந்து, 'அனுமதிக்கலாமா?' என்று பணிவாகக் கேட்டது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ யாரு? பிரிண்டரா? எதுக்கு வர? வேணாம், எறங்கு." ஒரு தட்டு. "நீ? கடிகாரமா? நேரம் கேக்கணுமாம். என் கையில வாட்ச் இருக்கு, போ." ஒரு தட்டு. "இவன் பேரே வாய்ல நுழையல. எறங்கு."

சாயங்காலத்துக்குள் அந்த கம்ப்யூட்டரில் டிக்கெட் இல்லாத பிரயாணி ஒருவர்கூடக் கிடையாது. பிரயாணிகளே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வழக்கமான வீடியோ அழைப்பு வரவில்லை. அதற்குப் பதில் போன் அடித்தது. மகள் எமெஷே.

"அப்பா, என்ன பண்ணி வச்சீங்க? உள்ளயே விட மாட்டேங்குது!"

"நீயா வந்த? யாரோன்னு நெனச்சு எறக்கி விட்டுட்டேனே!"

"பெத்த பொண்ணையே எறக்கி விட்டீங்களா? போரோகா ஒத்திகை பாக்கணும்னு கவுன் எல்லாம் போட்டுட்டு ஒக்காந்திருக்கா. அடுத்த ஞாயிறு உங்க பேர்நாள், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்ததால்தான் வெண்டெல் அதன்பின் செய்ததையெல்லாம் செய்தார். அமைப்புகளுக்குள் போய் ஒன்றைத் தளர்த்தினார், இன்டர்நெட்டே நின்றது. அதைச் சரிசெய்ய இன்னொன்றை அமுக்கினார். எழுத்தெல்லாம் பின்னிஷ் மொழிக்கு மாறிவிட்டது. செவ்வாய்க்கிழமை வாக்கில் கம்ப்யூட்டர் அவரிடமே கடவுச்சொல் கேட்டு, அவர் சொன்னதை நம்பாமல், அவரையும் இறக்கி விட்டுவிட்டது.

கடைப்பெண்ணுக்குப் போன் போட்டார்.

"பயப்படாதீங்க மாமா. தீச்சுவர்ல வீடியோவுக்குன்னு சின்னதா ஒரு வழி திறந்து விடணும், அவ்வளவுதான். இந்த வாரம் கடையில கூட்டம். சனிக்கிழமை காலைல கூப்பிடறேன், நான் சொல்லச் சொல்ல நீங்க தட்டுங்க."

அரங்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு துவைத்த போர்வையை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். முற்றத்தைச் சுற்றி மாடிக்கு மாடி ஓடும் அந்தக் கம்பி நடைபாதையில் நின்று மெதுவாகப் பேசினாலே வீடு முழுக்கக் கேட்கும். அரங்கா மெதுவாகப் பேசவில்லை.

"சில்வாஷியம்மா!" என்று கீழே கூப்பிட்டாள். சில்வாஷி அந்த வீட்டின் பொது நிர்வாகி; வீட்டுக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லாருமாகச் சேர்ந்து திட்டும் அம்மாள். "சனிக்கிழமை காலைல வெண்டெல் தீச்சுவரைத் திறக்கப் போறாரு! முன்கூட்டியே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு வருத்தப்படாதீங்க!"

முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு கதவாகத் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

மறுநாள் படிக்கட்டில் வெண்டெல் வணக்கம் சொன்னதற்கு காஸ்மேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் மாடி எதெல்கா அக்கா, வழக்கமாகப் பழுத்த பேரிக்காய் ஒன்றை அவர் கையில் திணிப்பவள், வெறுங்கையோடு, "நல்லாருப்பா, நல்லாரு" என்று ஒரு மாதிரி இழுத்துவிட்டுப் போனாள். கீழே குப்பைத் தொட்டிக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது.

'அவசர வீட்டுக் கூட்டம். வெள்ளி மாலை, முற்றத்தில். பொருள்: இரண்டாம் மாடி கர்தோஷ் குடும்பம் தீச்சுவரைத் திறப்பது குறித்து.'

வெண்டெல் மூச்சிரைக்க மேலே ஏறினார்.

"அரங்கா! என் கம்ப்யூட்டர்ல நான் எதைத் திறந்தா இவங்களுக்கு என்னவாம்? கூட்டம் போடறாங்க!"

அரங்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "இன்டர்நெட் கம்பி மாடிப்படி வழியாத்தானே வருது? பொதுச் சொத்து. கேக்கத்தான் செய்வாங்க."

"ஓ," என்றார் வெண்டெல். அது அவருக்குப் புரிந்தது. சட்டம் என்றால் சட்டம்தான். "அப்ப அனுமதி வாங்கிட வேண்டியதுதான்."

"வாங்கிடு. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி 'வழி கிழி'ன்னெல்லாம் சொல்லாத, அவங்களுக்குப் புரியாது. திரையில திறக்குமே, அதுல எமெஷே தெரிவாளே, அதுக்கு என்ன பேரு?"

"ஜன்னல்."

"ஆங், ஜன்னல்னு சொல்லு. புரிஞ்சிடும்."

வெள்ளிக்கிழமை மாலை, கம்பளம் தட்டும் இரும்புச் சட்டத்தைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். காஸ்மேர் சட்டத்தில் சாய்ந்து, சோடா கலந்த திராட்சை மதுக் கிளாஸோடு நின்றார். அரங்கா ஒரு கூடை நிறையச் சூடான பொகாச்சா கொண்டுவந்திருந்தாள். உப்பும் பாலாடைக்கட்டியும் போட்ட அந்தக் குட்டி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரிடம் முழுக் கோபத்தோடு பேசுவது கஷ்டம். இருந்தாலும் முயன்றார்கள்.

"கர்தோஷ் சார்," என்றார் சில்வாஷியம்மா, "நீங்க தீச்சுவரைத் திறக்கப் போறது உண்மையா?"

"உண்மைதான். முழுசா இல்லம்மா. ஒரே ஒரு ஜன்னல் அளவுக்கு."

"வாய் கூசாம சொல்றான் பாரு!" என்றார் காஸ்மேர்.

"எதுக்குய்யா கூசணும்? உன் வீட்டுல ஜன்னல் இல்லையா? ஒரே நேரத்துல ஆறு ஜன்னலத் திறந்து வச்சுட்டு ஒக்காந்திருப்ப, நான் பார்த்திருக்கேன்."

"அதெல்லாம் முற்றத்துப் பக்கம்யா!"

இது வெண்டெலுக்குப் புரியவில்லை. காஸ்மேர் எப்போதும் புதிய ரக கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், அதில் ஏதோ வசதி இருக்கும்போல என்று விட்டுவிட்டார்.

"கட்டடம் தாங்குமா?" என்றது ஒரு குரல்.

"ஏங்க தாங்காது? இத்தன வருஷமா எங்க வீட்டுல தீச்சுவர் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. போன வாரம்தான் நானே ஒண்ணு வச்சேன். ஒரே சாயங்காலத்துல முடிச்சுட்டேன்."

எதெல்கா அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். சில்வாஷியம்மா இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

"சத்தம், தூசி?"

"ஒரு பொட்டுத் தூசி வராதும்மா. எலிய வச்சு ரெண்டு தட்டு. திறந்துடும்."

"கேட்டீங்களா!" காஸ்மேர் கிளாஸை உயர்த்தினார். "எலி தட்டினா திறக்கற நிலைமையிலதான் இருக்கு நம்ம சுவரு!"

"மழை காத்து அடிச்சா?"

"இடி இடிச்சா உடனே பிளக்கைப் பிடுங்கிடுவேன்."

"திருடன் உள்ள வந்துட்டான்னா?"

வெண்டெல் நெஞ்சை நிமிர்த்தினார். இது அவருடைய துறை. "நான் எதுக்கு இருக்கேன்? நாள் பூரா அதுக்கு முன்னாடிதான் ஒக்காந்திருக்கேன். ஒவ்வொருத்தனையும் யாரு, எங்கேர்ந்து வரன்னு கேட்டுத்தான் விடறேன். சீனாவுலேர்ந்து ஒருத்தன் தினம் வந்து தட்டறான். விட்டேனா? விடலியே!"

கூட்டம் சற்று நேரம் அந்தச் சீனாக்காரனைப் பற்றி யோசித்தது.

"முறைப்படி அனுமதி?" என்றார் சில்வாஷியம்மா.

"லைசென்ஸ் இருக்கு. ஒரு வருஷத்துக்கு. அப்புறம் புதுப்பிக்கணும்."

"ஜன்னலுக்கு ஒரு வருஷ லைசென்ஸா?"

"எல்லாப் பேப்பரும் என்கிட்ட பத்திரமா இருக்கு," என்றாள் அரங்கா, கூடையை நீட்டியபடி. "இன்னொண்ணு எடுத்துக்கோங்க சில்வாஷியம்மா, ஆறிடும்."

கடை ரசீதைக்கூடப் பத்திரப்படுத்தியிருக்கிறாளே என்று வெண்டெலுக்கு மனைவிமேல் பெருமையாக இருந்தது.

எதெல்கா அக்கா முன்னால் வந்தாள். "எல்லாம் சரிப்பா. இந்த வயசுல உனக்கு எதுக்கு அந்த ஜன்னல்? அதச் சொல்லு முதல்ல."

வெண்டெல் தொப்பியைக் கழற்றினார். இதற்கு அவர் தயாராக வரவில்லை; அதனால் உள்ளதைச் சொன்னார்.

"என் பேத்திக்காக அக்கா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அந்த ஜன்னல்ல அவ முகம் தெரியும். எனக்கு அவ்வளவு போதும். கையில தூக்க முடியாது, தொட முடியாது, பாக்கத்தானே முடியும்? எனக்கு மட்டுமில்ல." அவர் அரங்கா பக்கம் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துப் பேசினார். "இவ நாள் பூரா அந்தச் சமையலறையிலயேதான் இருக்கா. அது எவ்வளவு இருட்டுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த ஜன்னல் திறக்கற நேரத்துலதான் இவ முகத்துல ஒரு வெளிச்சம் வருது. போன ஞாயிறு அது வரல. பாக்க எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்தா, அது என்ன சட்டம்? அப்படிப்பட்ட சட்டம் எனக்கு வேணாம்."

அரங்கா கூடையிலிருந்த துணியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்த துணி அது. மறுபடியும் சரிசெய்தாள்.

எதெல்கா அக்கா மூக்கை உறிஞ்சினாள். "பக்கத்துப் பூங்காவுல பிள்ளைங்க விளையாடறத எட்டிப் பாக்கணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது," என்றாள். வெண்டெலுக்கு அதன் சம்பந்தம் புரியவில்லை. வயதானவள், ஏதோ சொல்கிறாள் என்று தலையாட்டினார்.

"ஆதரவு?" என்று கேட்டார் சில்வாஷியம்மா.

முதல் கை வெண்டெலுடையது. பிறகு ஒவ்வொன்றாக உயர்ந்தன. காஸ்மேர் மட்டும் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பல்குச்சியைத் துப்பிவிட்டு, "பேத்தின்னு சொல்லிட்டியே, பாவி," என்று கையைத் தூக்கினார். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சில்வாஷியம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தாளை அரங்கா வாங்கி மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஊதாத் தலைப்பெண் போனில் சொல்லச் சொல்ல வெண்டெல் தட்டினார். முதலில் பின்னிஷ் போயிற்று, பிறகு இன்டர்நெட் வந்தது, கடைசியில் தீச்சுவர் வீடியோவுக்கு மட்டும் வழிவிட்டது. எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது! இதற்குப் போய் ஒரு வீட்டையே கூட்டினார்களே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிறு நாலு மணிக்கு போரோகா திரையில் வந்தாள். பச்சைக் கவுன், முன்பல் ஒன்று காணோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாட்டை ஆரம்பித்தாள். முதல் வரியைக் கத்தினாள், இரண்டாவதை விழுங்கினாள், மூன்றாவதில் 'தாத்தா' என்று வர வேண்டிய இடத்தில் 'கேக்' என்றாள். வெண்டெல் இத்தனை அழகான ஹங்கேரிய மொழியைத் தன் ஆயுசில் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்த பிறகும் ஒன்றும் தெரியவில்லை.

"தாத்தா எங்கம்மா?" என்றாள் குழந்தை, அம்மாவிடம் டேனிஷில். "ரெண்டு கருப்புத் தலைதான் தெரியுது."

"அங்க இருட்டுடா கண்ணா," என்றாள் எமெஷே, இந்தப் பக்கமும் புரியட்டும் என்று ஹங்கேரிய மொழியில். "அந்தச் சமையலறை எப்பவும் அப்படித்தான்."

"விளக்குப் போட்டாச்சே!" என்றார் வெண்டெல் பரிதாபமாக.

"விடு, அதுக்கும் ஒரு நாள் வரும்," என்றாள் அரங்கா.

திங்கட்கிழமை காலை வெண்டெல் சமையலறைக்கு வந்தபோது கம்ப்யூட்டர்மேல் மேஜைவிரிப்புப் போர்த்தியிருந்தது. அலமாரியில் ஒரு தட்டுக்கூட இல்லை. எல்லாம் படுக்கையறைக் கட்டிலுக்கு இடம்பெயர்ந்திருந்தன. ஒட்டடை அடிக்கப் போகிறாள்போல என்று நினைத்து நழுவப் பார்த்தார். அப்போது மணி அடித்தது.

வாசலில் தாட்டியான ஒரு ஆள், தோளில் பை, கையில் மட்டக்கோல்.

"தீச்சுவர் திறக்க வந்திருக்கேன் சார்."

"அட, அது அப்பவே திறந்தாச்சே! சனிக்கிழமையே முடிஞ்சுது. கடையிலதான் அனுப்பினாங்களா? பரவால்ல, உள்ள வாங்க, ஒரு காபி குடிச்சுட்டுப் போங்க."

அந்த ஆள் உள்ளே வந்தார். பழகிய வீட்டில் நடப்பது போல நேரே சமையலறைக்குப் போனார். கம்ப்யூட்டரை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தார். பைக்குள்ளிருந்து உளியையும் ஒரு பெரிய சம்மட்டியையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

வெண்டெல் சம்மட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முற்றத்தில் நடந்த கூட்டம் முழுவதும் ஒரு கேள்வி, ஒரு பதில் விடாமல் அவர் தலைக்குள் மறுபடி ஓடியது. மழை. தூசி. எலி. காஸ்மேரின் ஆறு ஜன்னல்.

"ஐயையோ!" என்றார். "நில்லுங்க, நில்லுங்க! பெரிய தப்பு நடந்துபோச்சு. வீடு பூராவும் தப்பாப் புரிஞ்சுகிட்டிருக்கு! நான் பாட்டுக்கு ஒண்ணு சொல்ல, அவங்க பாட்டுக்கு ஒண்ணுக்குக் கை தூக்கியிருக்காங்க. அரங்கா! நீயாவது இவருகிட்ட சொல்லேன், நாம சொன்னது கம்ப்யூட்டர் தீச்சுவர்னு!"

அரங்கா மூன்று கோப்பைகளில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது.

கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஏற்கெனவே மங்கலாக ஒரு சதுரம் போட்டிருந்த இடத்தில் கோட்டை அழுத்தமாக வரைய ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டர் தீச்சுவர்தானே சார், தெரியுமே," என்றார். "நகராட்சி அனுமதி வாங்கி, அளவெடுத்து, எல்லாம் வசந்தகாலத்துலயே முடிச்சாச்சு. எங்க வீட்டுக்காரரு அந்தக் கம்ப்யூட்டர் தீச்சுவர வாங்கற வரைக்கும் பொறுங்கன்னுதான் அம்மா சொல்லியிருந்தாங்க."